வேலையை விட்டுவிட்டு வடிவமைப்புப் படிக்க வெளிநாடு போகலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தொழிலை மாற்றிக்கொள்ள நினைப்பவர்களைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். குறிப்பாக, எட்டு பத்து ஆண்டுகள் வேறொரு வேலையில் இருந்துவிட்டு, தொழிலியல் வடிவமைப்பு படிக்க வெளிநாடு போகலாமா என்று யோசிப்பவர்களைப் பற்றி. 'இண்டஸ்ட்ரியல் டிசைன்' என்று சொன்னால் பலருக்கு உடனே விளங்கும்.

இருபது வயதில் ஒருவர் கல்லூரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் திருத்திக்கொள்ள நாள் இருக்கிறது. முப்பத்து நான்கு வயதில், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கழுத்தைப் பிடிக்கும்போது அந்த வசதி கிடையாது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். ஆகவே, எந்தக் கல்லூரி பெயர் பெற்றது என்று கேட்பதற்கு முன்னால் வேறு சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொழிலியல் வடிவமைப்பு என்பது என்ன?

உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குப் போய் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பிடி ஏன் இவ்வளவு தடிப்பாக இருக்கிறது? பொத்தான் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது? மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் அடிக்காமல் இருப்பது எப்படி? இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறார். மோட்டார் எப்படிச் சுழல வேண்டும் என்பதைப் பொறியியலாளர் பார்த்துக்கொள்வார். மனிதனின் கையும் கண்ணும் அந்தப் பொருளை எப்படிச் சந்திக்கின்றன, அதே பொருளை ஆயிரக்கணக்கில் மலிவாக எப்படி வார்த்தெடுப்பது என்பவற்றை வடிவமைப்பாளர் பார்க்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சாம் ஃபார்பர் என்ற அமெரிக்க வணிகர் வீட்டுப் பாத்திர வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவிக்குக் கையில் மூட்டு வலி. காய்கறித் தோல் சீவும் கருவியைப் பிடிக்கவே சிரமப்பட்டார். அந்தச் சிரமத்திலிருந்து பிறந்ததுதான் தடித்த, மென்மையான, வழுக்காத பிடி கொண்ட ஆக்ஸோ கருவிகள். 1990இல் அவை கடைக்கு வந்தன. மூட்டு வலி உள்ளவர்களுக்காகச் செய்தது எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. வடிவமைப்பு அழகுக் கலை மட்டுமல்ல, மனிதர்களைக் கவனித்துப் பார்க்கும் தொழில் என்பதை இது காட்டுகிறது.

நம் வீட்டுச் செம்புக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருள்களில் மிக உயர்ந்ததாக அவர்கள் சொன்னது சாதாரணத் தண்ணீர்ச் செம்பைத்தான். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் அமைந்தது.

பழைய தொழில் வீண் போகாது

தொழில் மாறுகிறவர்களுக்கு வருகிற முதல் பயம், "இதுவரை உழைத்ததெல்லாம் வீணாகிவிடுமே" என்பது. இந்தத் துறையில் அப்படி இல்லை. ஜெர்மனியின் டீட்டர் ராம்ஸ் இன்றைய வடிவமைப்பாளர்கள் பலருக்கு ஆசான் போன்றவர். அவர் தச்சு வேலை கற்றார், கட்டடக் கலை படித்தார். 1955இல் பிரவுன் நிறுவனத்தில் சேர்ந்ததும் கட்டடக் கலைஞராகத்தான். வானொலிப் பெட்டிகளும் சவரக் கருவிகளும் பிறகு வந்தவை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு ஆண்டுகள் நின்ற ஒருவருக்கு, எந்த வடிவம் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரும், எது ஒட்டிக்கொள்ளும் என்பது தெரியும். மருத்துவமனைத் தாதிக்கு, நோயாளியைத் தூக்கும்போது கட்டிலின் எந்த விளிம்பு இடிக்கிறது என்பது தெரியும். இருபது வயது மாணவருக்கு இவை தெரியாது. அதனால் கல்லூரி தேடும்போது, "என் பழைய அனுபவத்துக்கு எங்கே மதிப்பு அதிகம்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தாதியாக இருந்தவர் மருத்துவக் கருவிகளில் ஈடுபாடு காட்டும் கல்லூரியைத் தேட வேண்டும். கார் வடிவமைப்பில் பெயர் பெற்ற கல்லூரி அவருக்கு அவ்வளவாக உதவாது.

இளங்கலையா, முதுகலையா?

அடுத்த கேள்வி இது. ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருக்கிறது என்றால், மீண்டும் நான்காண்டு இளங்கலை படிக்க வேண்டுமா, அல்லது நேராக முதுகலைக்குப் போகலாமா?

முதுகலை வகுப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, ஏற்கெனவே வடிவமைப்புப் படித்தவர்களுக்கானது. மற்றொரு வகை, வேறு துறையிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்வது. விளம்பர ஏட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சேர்க்கைத் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படித்தால்தான் வேறுபாடு விளங்கும்.

அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி இத்துறைப் பின்னணி இல்லாதவர்களுக்கென்று சாதாரண இரண்டாண்டோடு கூடுதலாக அரையாண்டு சேர்த்து ஒரு பாதை வைத்திருக்கிறது. நியூயார்க்கின் பிராட் கல்விக் கழகமும் வேறு துறைப் பட்டதாரிகளை முதுகலைக்கு ஏற்கிறது. லண்டனில் ராயல் கலைக் கல்லூரியும் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து 1980 முதல் ஒரு கூட்டுப் படிப்பை நடத்துகின்றன. பொறியியல் படித்தவர்களை வடிவமைப்புக்குக் கொண்டுவரத் தொடங்கப்பட்ட படிப்பு அது. இரண்டாண்டு முடிவில் இரு கல்லூரிகளின் பட்டமும் கிடைக்கும்.

இதற்கு மாறாக, சுவீடனின் ஊமியோ வடிவமைப்புக் கழகம் நடத்தும் உயர்நிலைப் பொருள் வடிவமைப்பு முதுகலைக்கு, வடிவமைப்பில் அடிப்படைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அந்தக் கல்லூரி சிறந்ததுதான், ஆனால் எல்லாருக்கும் முதல் படியாக அமையாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டுதான். செலவு குறைகிறது என்று மகிழ்வோம். ஆனால் கோடு போடவே இனிமேல்தான் கற்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஓராண்டு போதாது. செப்டம்பரில் சேர்ந்து சூழலுக்குப் பழகுவதற்குள் இறுதித் திட்டப்பணி வந்து நிற்கும்.

மூன்று வகைக் கல்லூரிகள்

வெளிநாட்டுக் கல்லூரிகளை நான் மூன்றாகப் பிரிப்பேன்.

முதலாவது, கலைக் கல்லூரிகள். ஹாலந்தின் ஐந்தோவன் வடிவமைப்புக் கழகம் இந்த வகை. "இந்தப் பொருள் எதற்கு வேண்டும்?" என்ற அடிப்படைக் கேள்வியிலிருந்து அங்கே தொடங்குவார்கள். சொந்தக் குரல் தேடுகிறவர்களுக்கு அது ஏற்றது. தொழிற்சாலை வேலையை மட்டும் குறிவைப்பவர் அங்கே திணறிப்போகலாம்.

இரண்டாவது, தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள். அதே ஹாலந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் தொழிலியல் வடிவமைப்புப் பொறியியலுக்கென்று தனிப் புலமே இருக்கிறது. ஒருங்கிணைந்த பொருள் வடிவமைப்பு, பயனீட்டு அனுபவ வடிவமைப்பு, வணிக உத்தி சார்ந்த வடிவமைப்பு என மூன்று முதுகலைப் படிப்புகள், ஒவ்வொன்றும் இரண்டாண்டு, ஆங்கிலத்தில். இங்கே கணக்கும் பொருளியல்பும் தெரிந்திருக்க வேண்டும். பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் இடம்.

மூன்றாவது, கலையையும் பொறியியலையும் வணிகத்தையும் ஒரே வகுப்பில் சேர்ப்பவை. லண்டன் கூட்டுப் படிப்பை முன்பே சொன்னேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒன்று உண்டு. பல துறைக்காரர்களோடு பழகிய, வேலை அனுபவம் உள்ளவர்கள் இங்கே நன்றாகப் பிரகாசிப்பார்கள்.

பக்கத்தில் இருப்பவற்றையும் மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொழிலியல் வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே இளங்கலை படிக்கும் வெளிநாட்டவர் அரசாங்கக் கல்வி மானியம் பெற்றால், படித்து முடித்ததும் மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். சிலர் அதைக் கட்டாயம் என்பார்கள். தொழில் மாறுகிறவருக்கு அதுவே மூன்றாண்டு அனுபவம். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி 1969இல் தொடங்கியது. அதன் முதுகலைக்கான 'சீட்' தேர்வை எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம்.

நாடு, மொழி, கட்டணம்

ஐரோப்பாவில் படிப்பு இலவசம் என்ற பேச்சு இன்னும் நம்மிடையே உலவுகிறது. அது பழைய கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் டென்மார்க் 2006 முதலும், சுவீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் கட்டணம் வாங்குகின்றன.

ஜெர்மனியில்தான் அரசாங்கக் கல்லூரிகள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதோடு, ஓராண்டுக்கான வாழ்க்கைச் செலவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் நிலவரப்படி அந்தத் தொகை 11,904 யூரோ. பணத்தைவிடப் பெரிய தடை மொழி. ஜெர்மனியில் வடிவமைப்புப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே அந்த அளவுக்கு மொழி கற்க ஒன்றரை இரண்டு ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

டெல்ஃப்ட்டில் ஐரோப்பியர் அல்லாதவருக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 யூரோவுக்கு மேல். ரோட் ஐலண்ட் பள்ளியில் ஆண்டுக்கு 60,000 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. இது கல்விக் கட்டணம் மட்டுமே. வடிவமைப்பு மாணவருக்கு மாதிரி செய்யும் பலகை, நுரைக்கட்டை, அச்சுச் செலவு, கணினி என்று தனிச் செலவு இருக்கிறது. விளம்பர ஏட்டில் அது கண்ணில் படாது.

படித்த பிறகு எத்தனை நாள் தங்கலாம்?

வெளிநாட்டில் சில காலம் வேலை செய்தால்தான் போட்ட பணம் திரும்பும் என்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள். ஹாலந்தில் படித்து முடித்தவர் வேலை தேட ஓராண்டு தங்கலாம். ஜெர்மனியில் 18 மாதம். பிரிட்டனில் 2021இல் தொடங்கிய பட்டதாரி விசா இரண்டாண்டாக இருந்தது. அதை 18 மாதமாகக் குறைப்பதாக 2025இல் அரசாங்கம் அறிவித்தது. அமெரிக்காவில் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம் கிடைக்கும். வடிவமைப்புப் படிப்புகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஒரே ஊரில் இருக்கும் இரு கல்லூரிகளில் ஒன்றுக்கு அது இருக்கும், மற்றதற்கு இருக்காது.

முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பட்டதாரிகளுக்கான தற்காலிக விசாவின் வயது வரம்பு 2024 ஜூலை முதல் பொதுவாக 35 ஆகக் குறைக்கப்பட்டது. 34 வயதில் இரண்டாண்டுப் பாடவழி முதுகலை சேருகிறவர், முடிக்கும்போது வரம்பைத் தாண்டியிருப்பார். எவ்வளவு நல்ல கல்லூரியாக இருந்தாலும் அவருக்கு இந்த வாசல் மூடியிருக்கும்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அறிவிப்பை நீங்களே படியுங்கள்.

சான்றிதழைவிடப் படைப்புத் தொகுப்பு

நம் நாட்டில் பொறியியலாளர் பொறியியலாளர் வாரியத்திலும், கட்டடக் கலைஞர் கட்டடக் கலைஞர் வாரியத்திலும் பதிய வேண்டும். தொழிலியல் வடிவமைப்பாளருக்கு அப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது உங்கள் படைப்புத் தொகுப்பை. 'போர்ட்ஃபோலியோ' என்பார்கள். கல்லூரியும் சேர்க்கைக்கு அதைத்தான் கேட்கிறது.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பளபளப்பான கணினிப் படங்களை அடுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். தேர்வாளர் பார்க்க விரும்புவது நீங்கள் யோசித்த வழியை. என்ன சிக்கலைக் கண்டீர்கள், யாரைக் கவனித்தீர்கள், எத்தனை விதமாக வரைந்து பார்த்தீர்கள், அட்டையில் செய்த முதல் மாதிரி ஏன் உடைந்தது, பிறகு என்ன மாற்றினீர்கள் என்பதை. நான்கு திட்டங்கள் இருந்தாலும் போதும், இந்த வழி தெளிவாக இருக்க வேண்டும். வேலையிடத்தில் நீங்களே செய்த ஒரு தாங்கி, கருவிகளை அடுக்க வைத்த தட்டு, சந்தேகமில்லாமல் இவையும் சேரும். ஆனால் நிறுவனத்தின் இரகசியத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

விண்ணப்பிக்கும் முன் ஐந்து கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். ஒன்று, வேறு துறையிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் எத்தனை பேர்? இரண்டு, பட்டறை இரவிலும் வார இறுதியிலும் திறந்திருக்குமா? மூன்று, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? நான்கு, கடந்த இரண்டாண்டில் முடித்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? ஐந்து, அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? நல்ல கல்லூரி இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

உண்மையான கணக்கு

மாதம் 5,000 ரிங்கிட் சம்பளம் வாங்குபவர் இரண்டாண்டு வேலையை விட்டால் இழப்பது 120,000 ரிங்கிட். முதலாளி சேமநிதிக்குச் செலுத்தும் 13 விழுக்காடு மாதம் 650, இரண்டாண்டுக்கு 15,600. ஆக 135,600 ரிங்கிட். கல்லூரிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் உள்ள கணக்கு இது. அதன் மேல்தான் கட்டணமும் தங்கும் செலவும்.

சேமநிதியிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் அது சிஜாத்ரா கணக்கிலிருந்து மட்டும். 2024 மே மாத மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கணக்கில் சேரும் பங்கு 15 விழுக்காடு. பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கானது. சிங்கப்பூர் நேயர்களுக்கும் அப்படியே: மத்திய சேமநிதியின் கல்வித் திட்டம் அங்குள்ள குறிப்பிட்ட கல்வி நிலையங்களுக்கு மட்டுமே.

நேயர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 36. திரும்பி வந்தால் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு தொடக்க வேலைக்குப் போட்டியிட வேண்டுமே?

பதில்: ஆமாம், போட்டியிட வேண்டும். தொடக்கச் சம்பளமும் இப்போது வாங்குவதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதைக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் உங்கள் பழைய துறையின் பொருள்களையே வடிவமைக்கும் நிறுவனத்தை நாடினால் நீங்கள் தொடக்கநிலை ஆளாக இருக்க மாட்டீர்கள். அங்கே அந்த இருபத்து மூன்று வயதுக்காரரிடம் இல்லாத பத்தாண்டு அனுபவம் உங்களிடம் இருக்கும்.

கேள்வி: என் மகன் நல்ல பொறியியல் வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்கிறான். தடுக்கலாமா, ஐயா?

பதில்: அம்மா, தடுக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை விடாமல் ஆறு மாதம், வாரம் இரண்டு மாலைகளும் சனிக்கிழமையும் ஒதுக்கட்டும். வரைகலை வகுப்பொன்றில் சேரட்டும். வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்து, நீங்கள் அதைப் பயன்படுத்தும்போது எங்கே சிரமப்படுகிறீர்கள் என்று பார்த்து, அட்டையில் பத்து மாதிரி செய்யட்டும். பத்தாவது மாதிரியையும் ஆசையோடு செய்தால் அவனுக்கு இந்தத் தொழில் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதிலேயே அலுத்துவிட்டால், உங்கள் வீட்டுச் சேமிப்பு தப்பித்தது.

கேள்வி: கணவர் படிக்கப் போகிறார். நானும் இரு பிள்ளைகளும் இங்கேயே இருப்பதா, கூடப் போவதா?

பதில்: இது கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதோடு சேர்ந்த கேள்வி, அம்மா. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. வேறு சில நாடுகளில் முடியும். பிரிந்திருப்பது உங்களுக்கு ஒத்துவராது என்றால், அந்த நாட்டுக் கல்லூரிகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டு இடம் கிடைத்த பிறகு இதைப் பேசினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

அன்பு நேயர்களே, ஆசை இருக்கிறது என்பதற்காக அவசரப்பட வேண்டாம். வயதாகிவிட்டது என்பதற்காக ஆசையை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். முதலில் ஆறு மாதச் சோதனை. பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கு. அதன் பிறகு விசா விதி. கல்லூரியின் பெயர் கடைசியில் வரட்டும். இந்த வரிசையில் போனால், இறுதியில் உங்கள் பட்டியலில் மூன்று கல்லூரிகளுக்கு மேல் மிஞ்சாது. அந்த மூன்றுக்கும் முழு மனத்தோடு விண்ணப்பியுங்கள்.